நாடு கடத்தப்பட்ட தாக்கீது

முன்னொரு காலத்தில், அரபிக் குதிரை ஏறாதவனை அரசன் என்று யாரும் மதிக்காத காலத்தில், கடலோரமாக ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்ட ராஜாவுக்குக் கோட்டை எட்டு, குதிரை எண்பது, கர்வத்துக்குத்தான் அளவில்லை. அவர் சபையில் வண்ணமுத்து என்றொரு விகடகவி இருந்தான். ராஜாவின் முகம் கோணினால் நிமிர்த்திவிடுவது அவன் உத்தியோகம்.

ஒருநாள் ராஜாவுக்கு விபரீத ஆசை வந்தது. கப்பல் வியாபாரிகளின் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் மீரான் லெப்பையைக் கூப்பிட்டார்.

“நம்மைவிடப் பெரிய அரசர் உலகில் இருந்ததுண்டா? உள்ளதை உள்ளபடி சொல்லும்” என்றார்.

லெப்பைக்குப் பொய் வராது. “மன்னர் பெருமானே, கலீபாக்கள் ஆண்ட காலத்தில் உலகின் மேற்குக் கோடிக் கடலோரம் தொட்டுச் சிந்து நதிவரை ஒருவருடைய ஆணை ஓடியது. யவனருடைய நூல்களைத் தேடித் தேடி அரபியில் எழுதி வைத்தார்கள். வானத்து மீன்களை அளந்து கப்பலுக்கு வழி சொன்னார்கள். அவர்களுக்குப் பின் வந்த சுல்தான்கள் இன்றும் திசைக்கொருவராக ஆளுகிறார்கள்” என்றார்.

ராஜாவின் முகம் சுருங்கியது. வண்ணமுத்து சும்மா இருந்திருக்கலாம். நாக்கு அரித்தது.

“கவலை வேண்டாம் மகாராஜா. அவர்கள் வலமிருந்து இடமாக எழுதுகிறவர்கள். நம் பக்கத்திலிருந்து வாசித்தால் பேரரசு குட்டிச்சுவராகிவிடும். லெப்பையையே பாருங்கள், தலையில் முளைக்க வேண்டியது தாடையில் முளைத்திருக்கிறது” என்றான்.

சபை குலுங்கியது. லெப்பையும் சிரித்தார்; சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்ணமுத்துவுக்குச் சுருக்கென்றது. வெள்ளத்தில் வீடு போன வருஷம், பெண்டாட்டி பிள்ளைகளோடு மூன்று மாதம் அவன் சோறு தின்றது அந்த மனிதர் வீட்டில்தான்.

இந்த இருவரையும் கண்டாலே திவான் கோனேரி ராயருக்கு வயிறு எரியும். அவர் மெல்ல எழுந்தார்.

“பிரபு, அவ்வளவு அற்பமானவர்களுடையது நமக்கு எதற்கு? அந்த நாடுகளிலிருந்து வந்த ஆளோ பொருளோ சொல்லோ நாளை மறுநாள் முதல் இங்கே இருக்கலாகாது என்று தாக்கீது பிறப்பியுங்கள். லெப்பை குடும்பத்தோடு எல்லை தாண்டட்டும். யோசனைக்கு வழிகாட்டிய வண்ணமுத்துவே இதை நிறைவேற்றட்டும். ஒன்று மிஞ்சினாலும் அவனும் நாட்டை விட்டுப் போகட்டும்.”

ராஜா இருந்த எரிச்சலில் முத்திரை வைத்துவிட்டார்.

அன்று பிற்பகல் வண்ணமுத்து லெப்பை வீட்டுக்குப் போனான். அந்த வீட்டில் நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்திருந்தது. இப்போது பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையிலும் லெப்பையின் மனைவி அவனுக்குச் சர்பத் கொடுத்தனுப்பினார். இப்படி ஒரு பிழைப்பா என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

“மாமா, என் வாயாலதானே உங்களுக்கு இந்தக் கதி. நாலு வார்த்தை ஏசிருங்க” என்றான்.

“ஏசி என்ன ஆகப்போகுது மாப்பிளே? கேலி நல்லாத்தான் இருந்துச்சு. நானும் சிரிச்சேனே” என்றார் லெப்பை. சாக்கின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு, “சபையில வச்சுச் சொன்னீங்க. இங்க வந்து அழுதா அது கழுவிப் போயிருமா?” என்று கேட்டார்.

வண்ணமுத்து அந்தச் சாக்கைத் தூக்கிச் சுவரோரம் வைத்தான். பிறகு, “அந்தப் பக்கத்துலேர்ந்து வந்த சொல்லெல்லாம் எனக்குச் சொல்லுங்க மாமா” என்றான். லெப்பை மூட்டை கட்டிக்கொண்டே சொன்னார். அரபு கொஞ்சம், பாரசீகம் கொஞ்சம். அவன் தினமும் புழங்குகிற சொற்கள்தான் எல்லாம்.

குறித்த நாள் காலையில் ராஜா உலாப் போகக் கிளம்பினார். லாயத்தில் ஒரு குதிரைகூட இல்லை. கொதித்துப்போய்ச் சபைக்கு வந்து, “குதிரைகள் எங்கே? பதில் சொல்” என்றார்.

“சொல்வதற்கில்லை மகாராஜா. பதில் என்பது அரபுச் சொல். குதிரைகளும் அரபு தேசத்தவை. லெப்பையோடு எல்லைக்கு அனுப்பிவிட்டேன்.”

“பிரபு, இவன் விளையாடுகிறான்” என்று திவான் பாய்ந்தார்.

“ஐயா, தாங்கள் யார்?”

“யாரா? இந்த ராஜ்யத்தின் திவான்.”

“திவான் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். காலையிலேயே அனுப்பியாயிற்று. இங்கே நிற்பது வெறும் கோனேரி ராயர்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராயர் பல்லைக் கடித்து, “அரசரின் தாக்கீதையே கேலி செய்கிறாயா? எங்கே அந்தத் தாக்கீது?” என்றார்.

வண்ணமுத்து கைகட்டி நின்றான். “தாக்கீது அவர்கள் சொல். எழுதிய காகிதமும் அவர்கள் தந்தது. ஒன்றும் மிஞ்சக்கூடாது என்பது ஆணை. அதனால் அதையும் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டாயிற்று. லெப்பையைப் போகச் சொல்லும் உத்தரவு இப்போது இந்த ராஜ்யத்திலேயே இல்லை. அவர் எதற்காகப் போக வேண்டும், மகாராஜா?”

ராஜா விழித்தார். பிறகு சிரிப்பு பீறிட்டது. சிரித்து ஓய்ந்து, தம் தோளில் கிடந்த சால்வையை எடுத்து வண்ணமுத்துவுக்குப் போர்த்தினார். குதிரைகளையும் லெப்பையையும் அழைத்து வர ஆள் பறந்தது.

லெப்பை வழித்தூசியோடு வந்து நின்றார். வண்ணமுத்து அந்தச் சால்வையை அவர் தோளில் போட்டுவிட்டு, சபை பார்க்கக் காலில் விழுந்தான்.

“மாமா, சோறு போட்ட மனுஷனை இதே இடத்துல கேவலப்படுத்தி எல்லாரையும் சிரிக்க வச்சேன். எனக்கு வெக்கமா இருக்கு. செஞ்ச தப்புக்கு மாப்புக் குடுங்க.”

லெப்பை குனிந்து அவனைப் பார்த்தார். “மாப்பும் அரபுச் சொல்லுதான் மாப்பிளே. அதையும் எங்ககிட்டதான் வாங்கணுமா?” என்றார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இன்றைய விகடப் பரிசு லெப்பைக்கே” என்று கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். சபை முழுவதும் சிரித்தது.

வண்ணமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஆமா மாமா, உங்ககிட்டதான் வாங்கணும்” என்றான், எழுந்திருக்காமலே.