எறும்பே வராத போர்

அநியாயம் நடந்தது கட்டுகிற கறையான்களுக்கு. இரவுபகலாக மண் குழைத்துச் சுவர் எழுப்பியவர்களை, "போருக்கு உதவாத மண்தின்னிகள்!" என்று காவல் கறையான்கள் ஏசினார்கள்.

காட்டில் செத்து விழுந்த யானையின் தொடை எலும்பைச் சுற்றி எழுந்த புற்று அது. எலும்புக்குள் தேன்கூடு போலப் பொந்துகள். வாயில் மண்பூசிய அந்தப் பொந்துகளில்தான் காவல் குஞ்சுகள் வளர்ந்தன.

புற்றில் ஒரு வழக்கம் உண்டு. எறும்பு படையெடுத்தால் காவலர்கள் தலையால் சுவரை முட்டுவார்கள். 'டக் டக்' கேட்டதும் மற்றவர்கள் கட்டுவதை நிறுத்திவிட்டு, உள்சுவரைச் சுரண்டி அந்த மண்ணால் வெளி ஓட்டையை அடைக்க வேண்டும். காவலர்களுக்குத் தாடை பெரிது, தானாகத் தின்ன வராது. அதனால் முட்டியவர்களுக்கு முதலில் ஊட்டிவிடவும் வேண்டும்.

எறும்புப் படை வந்தது. தோற்று ஓடியது. முட்டல் மட்டும் ஓயவில்லை!

இலை விழுந்தால் டக் டக். சாணி வண்டு உருண்டால் டக் டக். அடைக்க ஓட்டையே இல்லை. சுரண்டிய மண் காற்றோடு போயிற்று. சுவர் மெலிந்தது, காவலர்கள் கொழுத்தார்கள்.

மண்ணுருட்டி என்ற கறையானுக்குப் பொறுக்கவில்லை. காவல் தலைவன் முட்டுத்தலையனிடம் போனாள்.

"எறும்பு எங்கே, தளபதியாரே?"

"வரும்!"

"எப்போது?"

"வரும்போது வரும்! வீரத்தைப் பற்றி உனக்கென்ன தெரியும், வாயாடி?"

"வீரம் தெரியாது. இந்த யானையைத் தெரியும். நோய்க்கிருமிகளிடமிருந்து அதன் உடம்பைக் காத்த வெள்ளணுப் படையும் இதே எலும்புக்குள், மஜ்ஜையில்தான் பிறந்தது. பகையே இல்லாதபோதும் அந்தப் படை அடங்கவில்லை, சொந்த உடம்பையே தாக்கியது. மூட்டு வீங்கியது, எலும்பு அரித்தது, யானை நொண்டியது. மூட்டுப் பக்கம் தடவிப் பாருங்கள், சல்லடை! அதை நாங்கள் தின்னவில்லை."

"யானைக் கதை யானைக்கு!" என்று அவன் ஓங்கி முட்டினான். டக் டக்!

"கேட்டதா? உத்தரவு! சுரண்டுங்கள்!" என்றாள் மண்ணுருட்டி. கூட்டம் நேரே காவல் குஞ்சுகளின் பொந்துக்குப் போய் மண்பூச்சில் வாய் வைத்தது. பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஐயோ, குளிருது!" என்று குஞ்சுகள் அலறின. வெளியே இடி இடித்தது.

"அடியேய்! அது எங்கள் பிள்ளைகளின் அறை! மழை வந்தால் செத்துப்போகும்!"

"தெரியும், தளபதியாரே. மற்ற சுவரெல்லாம் முன்பே தீர்ந்துவிட்டது. நீங்கள் முட்டுங்கள், நாங்கள் சுரண்டுகிறோம். வழக்கம் வழக்கம்தானே!"

முட்டுத்தலையன் ஓங்கிய தலையைப் பாதியில் நிறுத்தினான்.

"கட்டம்மா, சீக்கிரம் கட்டு!" என்றான். பிறகு ரோஷம் விடாமல் கேட்டான்: "அப்படியானால் புற்றுக்குக் காவலே வேண்டாம் என்கிறாயா?"

மண்ணுருட்டி மண்ணைக் குழைத்தபடியே சொன்னாள்: "யார் அப்படிச் சொன்னது? நீங்கள் இல்லாவிட்டால் எறும்பு எங்களைத் தின்னும். நாங்கள் இல்லாவிட்டால் நீங்கள் பிறக்கவே இடமிருக்காது. ஆனால் பகை போன பின்னும் அடங்கத் தெரியாத காவல், தன்னைப் பெற்ற வீட்டையே தின்றுவிடும்!"