நெய்யும் மிளகும் ஓர் உழக்கும்

முன்னொரு காலத்தில், எந்தத் தேசம் என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர். அவருக்குக் கோபம் குறைவு, வரி வாங்கும் ஆசை குறைவு, நடப்பது எல்லாவற்றையும்விடக் குறைவு. சபைக்குப் பல்லக்கு, கோயிலுக்குப் பல்லக்கு, நந்தவனத்தில் பூப் பார்க்கவும் பல்லக்கு. ஒரு நாள் பல்லக்குத் தூக்குகிற ஒருவனுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் ராஜா அரண்மனையின் நாற்பது படிகளையும் தாமே ஏறினார். மேலே வந்து சேர்வதற்குள் மூச்சு இரைத்தது, முழங்கால் நடுங்கியது, கண்ணில் பூச்சி பறந்தது.

"நம் உடம்பில் வலு இல்லை. நாம் உண்பதில் ஏதோ ஒன்று வீண்!" என்று சபையில் அறிவித்தார்.

நடக்காததுதான் காரணம் என்று சபையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

அரண்மனை வைத்தியர் திருமேனிப் பண்டிதர் எழுந்தார். "அரசே, தாங்கள் காலையில் உண்ணும் பொங்கலில் நெய் ஏராளம். அது வெறும் கொழுப்பு. உடலுக்கு உரம் தருவது மிளகே" என்றார். அவருடைய மருந்துப் பெட்டியில் முக்கால் பங்கு மிளகுதான்.

உடனே மாட்டுத் தொழுவங்களின் அதிகாரி வல்லபராயர் எழுந்தார். "தவறு, அரசே! மிளகு வெறும் காரம். அது உடலை உலர்த்திவிடும். வலு என்பது நெய்யில் இருக்கிறது!" அரண்மனைக்கு வரும் நெய் முழுவதும் அவர் பார்வையில் உருகுவது.

ராஜா தாடியைத் தடவினார். "அப்படியானால் இரண்டில் ஒன்று பயனற்றது. கேளுங்கள் நம் ஆணையை. பயனற்றது எதுவோ அது சமையலறையிலிருந்து அகற்றப்படும். அதைச் சமையலறைக்குள் கொண்டுவந்தவன் நாடு கடத்தப்படுவான்."

தூண் ஓரத்தில் சமையற்காரன் கொன்றையப்பன் நின்றிருந்தான். பன்னிரண்டு வருஷமாக நெய்யையும் மிளகையும் பொங்கலில் போட்டவன் அவன்தான். எது தோற்றாலும் போகப்போவது அவன்.

தீர்ப்பு யார் சொல்வது? வைத்தியரும் ராயரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே வயிற்றெரிச்சல். அதன் பெயர் மயிலேறி. அரண்மனை விகடகவி. சாப்பாட்டு வேளையில் ராஜாவுக்குப் பக்கத்து இலை அவனுக்குத்தான்.

"மயிலேறியைவிடக் கூர்மையான அறிவு வேறு யாருக்கு?" என்றார் பண்டிதர், தேன் ஒழுகும் குரலில்.

"ஒன்றின் பெயரைச் சொல்லியாக வேண்டும், அரசே. இரண்டும் சமம் என்று நழுவக் கூடாது. சொல்லத் தவறினால் அவரும் சமையற்காரனோடு நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார் ராயர். "நியாயமாக இருக்க, தங்கள் பாட்டனாரின் வெண்கல உழக்கால் இரண்டையும் ஒரே அளவாக அளந்து ஒப்பிட வேண்டும்." பண்டிதரும் ஆமோதித்தார்.

நெய் வருவது ராஜமாதாவின் பிறந்த ஊரிலிருந்து. மிளகு வருவது ராணியின் பிறந்த மலையிலிருந்து. எதைக் குறைத்துச் சொன்னாலும் அந்தப்புரத்தில் ஒரு பக்கம் தீப்பிடிக்கும். பொறி எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள் பாருங்கள். ராஜாவோ எதையும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார்.

அன்று மத்தியானம் கொன்றையப்பன் சமையலறையில் உட்கார்ந்து, ஏற்கெனவே துலக்கிய உருளியை மூன்றாவது தடவையாகத் துலக்கிக்கொண்டிருந்தான். மயிலேறி வந்து விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தான்.

"அண்ணே, வீட்டுல பிள்ளை பொறந்து எட்டு நாள்தான் ஆகுது. பச்சை உடம்புக்காரியையும் பிள்ளையையும் தூக்கிட்டு எந்த எல்லையைத் தாண்டுவேன்?" என்றான் கொன்றையப்பன். தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அழுவாதடா. நீ போனா நானும்தான் கூட வரணும். வழியெல்லாம் என் பேச்சைக் கேட்டா உன் பிள்ளை தூங்காது. சரி, அந்த உழக்கைப் பத்திச் சொல்லு. தெனம் சந்தைக்குப் போறவன் நீதானே?"

"அதைச் சந்தையில யாரும் தொடக்கூட மாட்டாங்கண்ணே. சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருப்பாங்க. கலப்படக்காரங்களை அடக்கப் பெரிய ராஜா போட்ட சட்டம் அது. எஞ்சரக்குதான் ஒசத்தின்னு எவன் சொல்றானோ, அவன் அந்த உழக்கு நெறைய அளந்து, எல்லாரும் பாக்கத் தானே தின்னு காட்டணும். போன வருஷம் ஒரு புளி யாவாரி வாய் தவறி, 'எம்புளிக்கு ஈடு எங்க இருக்கு'ன்னுட்டான். 'கொண்டாங்க உழக்கை'ன்னு ஒரு பொம்பளை சத்தம் போட்டா. கடையைப் போட்டுட்டு ஓடினவன் இன்னும் திரும்பல."

மயிலேறி சிரித்த சிரிப்பில் விறகுக் கட்டிலிருந்து கீழே சரிந்தான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"பண்டிதரும் ராயரும் பொறந்ததுலேருந்து சந்தைப் பக்கம் போயிருக்க மாட்டாங்க, இல்ல?"

"ஆளு வெச்சுத்தானே வாங்குவாங்க."

"போதும். நாளைக்குக் காலையில வழக்கம்போலப் பொங்கல் வை. கைக்கு வர்ற அளவு எதுவோ அதுதான். ஒரு மிளகு கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

மறுநாள் வழக்கு சமையலறை முற்றத்தில் என்று மயிலேறி சொல்லிவிட்டான். அது நாற்பது படிகளுக்குக் கீழே இருந்தது. வாசல் குறுகல், பல்லக்கு நுழையாது. ராஜா முனகிக்கொண்டே நடந்து இறங்கினார். ராஜமாதா ஒரு பக்கமும் ராணி மறு பக்கமும் அமர்ந்தார்கள். சந்தையிலிருந்து உழக்கைக் கழற்றி, சங்கிலியோடு கொண்டுவந்து வைத்தார்கள்.

கொன்றையப்பன் அடுப்பை விட்டு நகரவில்லை. பொங்கலைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

"அரசே, நெய்யே உயர்ந்தது என்று சொன்னவர் யார்?" என்று கேட்டான் மயிலேறி.

"நான்தான்" என்றார் ராயர், நெஞ்சை நிமிர்த்தி.

"மிளகே உயர்ந்தது என்றவர்?"

"அடியேன்" என்றார் பண்டிதர்.

"சபையோர் கேட்டீர்கள். உழக்கின் விளிம்பில் பொறித்திருப்பதை அரசரே வாசித்தருள வேண்டும்."

ராஜா உழக்கை வெளிச்சத்தில் திருப்பினார். "'உயர்ந்தது என்றவன் உழக்கு நிறைய உண்டு காட்டுக.' ஆம், பாட்டனாரின் ஆணை இது!"

ராயர் முகம் கறுத்தது. பண்டிதர் முகம் வெளுத்தது. ஆனால் உழக்கைக் கேட்டவர்களே அவர்கள்தானே, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

முதலில் நெய். ராயர் நான்கு மிடறு குடித்தார். ஐந்தாவதில் கண் சொருகியது. பாதி உழக்கு தீர்வதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரே குமட்டல்... மிளகு ரசம் இருந்தால் ஒரு வாய்... இரண்டு மிளகையாவது தட்டிக் கொடுங்களேன்!"

அடுத்து உழக்கு நிறைய மிளகு. பண்டிதர் ஒரு கை அள்ளி வாயில் போட்டு ஒரு கடி கடித்தார், அவ்வளவுதான். கண்ணிலும் மூக்கிலும் ஒன்றாகத் தண்ணீர் கொட்டியது. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினார். "நெய்! நாக்கில் தடவக் கொஞ்சம் நெய் கொடுங்கள்!"

ராஜமாதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ராணியால் அதுவும் முடியவில்லை, வாய்விட்டே சிரித்தார்.

ராஜாவும் சிரித்தார். ஆனாலும் ஆணை ஆணைதானே? "மயிலேறி, ஒன்றின் பெயரை நீ இன்னும் சொல்லவில்லை" என்றார். கொன்றையப்பன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"சொல்கிறேன், அரசே. அதற்கு முன் இதை உண்டு பாருங்கள்." மயிலேறி ஒரு வாழை இலையில் ஆவி பறக்கும் பொங்கலை வைத்து நீட்டினான். ராஜா நின்றபடியே ஒரு கவளம் உண்டார். அடுத்த கவளத்துக்குக் கை தானாகப் போனது.

"கொன்றையப்பா, இதில் நெய் எவ்வளவு?"

"ஒரு கரண்டிங்க."

"மிளகு?"

"மூணு விரல்ல அள்ளுற அளவுங்க."

"கேட்டீர்களா, அரசே? நெய்யைக் கரண்டியாலும் மிளகை விரலாலும் அளக்கிறவன் இவன். அந்த அளவில் இரண்டும் வலுத் தருகின்றன. ஒன்றைச் செரிக்க வைக்கிறது மற்றொன்று. இரண்டையும் ஒரே உழக்கால் அளந்ததும் என்ன ஆயிற்று என்பதை இதோ இவ்விருவரும் காட்டிவிட்டார்கள். ஆகவே சமையலறையில் பயனற்றது ஒன்றே ஒன்று." அவன் விரல் நீண்டது. "இந்த உழக்கு. சந்தையில் இதற்கு வேலை உண்டு, இங்கே இல்லை. தங்கள் ஆணைப்படி இதை இங்கிருந்து அகற்றுங்கள். இதை உள்ளே கொண்டுவரச் செய்தவர்களை..."

"மயிலேறி!" என்று அலறினார்கள் இருவரும். நெய்யும் மிளகும் முதன்முறையாக ஒரே குரலில் பேசின.

"...மன்னித்துவிடுங்கள், அரசே. தண்டனையை அவர்கள் ஏற்கெனவே விழுங்கிவிட்டார்கள்."

கொன்றையப்பன் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து அழுதான். இந்த மனிதன் தன்னைக் காப்பாற்றியதோடு நிற்கவில்லை, ராஜாவுக்கு முன்னால் தன் கையை அல்லவா ஜெயிக்க வைத்துவிட்டான்! அந்த மூன்று விரல்களையும் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ராஜா தம் முத்து மாலையைக் கழற்றினார். மயிலேறி பின்வாங்கினான். "எனக்கு ஒரு வரம் போதும். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தாங்கள் காலையில் இங்கே வந்து என்னோடு உண்ண வேண்டும். பொங்கல் நாற்பது படி ஏறி வருவதற்குள் நெய் உறைந்துவிடுகிறது, மிளகின் மணமும் போய்விடுகிறது. அதற்கும் பாவம், மூச்சு இரைக்கிறது."

ராஜா ஒப்புக்கொண்டார். தினமும் நாற்பது படி இறங்கினார், நாற்பது படி ஏறினார். முதல் வாரம் நான்கு இடத்தில் நின்றார். மூன்றாம் வாரம் ஓர் இடத்தில் நின்றார். நாற்பத்தெட்டாம் நாள் எங்கும் நிற்கவில்லை.

"எங்கள் ஊர் நெய்!" என்றார் ராஜமாதா.

"எங்கள் மலை மிளகு!" என்றார் ராணி.

உச்சிப் படியில் நின்ற ராஜா, கீழே முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்த மயிலேறியைப் பார்த்தார். பிறகு படிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பதாவதை எண்ணியபோது அவருக்கு விளங்கிவிட்டது. அரண்மனைப் புறாக்கள் எல்லாம் பறந்தோடும்படி சிரித்தார்.

"திருட்டுப் பயலே! இனி இந்தப் பல்லக்கு நமக்கு எதற்கு? அதை நீயே வைத்துக்கொள்!"

"எனக்கும் மூச்சு இரைக்கட்டும் என்கிறீர்களா, அரசே?" என்று கும்பிட்டான் மயிலேறி. ராஜா மறுபடியும் கழற்றி மேலிருந்து போட்ட முத்து மாலையை மட்டும் மறுக்காமல் ஏந்திக்கொண்டான்.

அன்று சாயங்காலம், மயிலேறி கேட்டுக்கொண்டபடி, ராஜாவின் பல்லக்கு கோயிலுக்குப் புறப்பட்டது. உள்ளே கொன்றையப்பனின் மனைவி, மடியில் முதன்முதலாக வெளியே வரும் பிள்ளை. பல்லக்குக்கு முன்னால் மயிலேறியும் கொன்றையப்பனும் பேசிச் சிரித்துக்கொண்டு நடந்தார்கள்.