தங்கை இல்லாத படம்

கடையநல்லூரில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் நடத்திவந்தாள் செண்பகவல்லி. வகுப்பில் ஒரு நாவலைப் படித்து முடித்ததும், அதை வைத்து எடுத்த படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினாள்.

நாவலில் வரும் மீனவனுக்கு ஒரு தங்கை உண்டு. கால் ஊனமானவள். படத்தில் அவள் வரவே இல்லை.

"டீச்சர், தங்கச்சி எங்க?" என்று கேட்டாள் சுமையா. அவளும் ஒரு காலைச் சாய்த்து நடக்கிறவள்.

"படத்துல எல்லாருக்கும் இடம் இருக்காதும்மா" என்றாள் செண்பகவல்லி.

அதன்பிறகு சுமையா வகுப்பில் வாயே திறக்கவில்லை.

செண்பகவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. ஆசிரியர் பயிற்சியில் தனக்குப் பாடம் சொன்ன ஞானசுந்தரியைத் தேடிப் போனாள்.

"பிள்ளை மனசை நோகடிச்சிட்டேன். இனிமே படமே போடப் போறதில்லம்மா."

"நாளைக்கு நான் வாரேன். அதே படத்தைப் போடு" என்றார் ஞானசுந்தரி.

மறுநாள் வந்தார். மீனவன் கடற்கரைக்கு ஓடும் காட்சியில் படத்தை நிறுத்தச் சொன்னார்.

"புத்தகத்துலயும் இவன் இப்படித்தான் ஓடுதானா?"

"இல்ல, நடப்பான்" என்றான் ஒரு பையன்.

"ஏன் நடக்கான்?"

பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டினார்கள். சுமையா புரட்டவில்லை.

"தங்கச்சி கூடவே வருவா. அவளுக்காக மெதுவா நடந்து நடந்து அவனுக்கு அதுவே பழகிப்போச்சு" என்றாள். பிறகு எழுந்து நின்றாள். "புயல் அன்னைக்கும் அவன் அவசரப்படல. காத்து அடங்கட்டும்னு கரையிலயே நின்னான். இதுல தங்கச்சி இல்ல. அதான் ஓடிப்போய்ப் படகைத் தள்ளுதான்."

"அப்போ இவன் வேற ஆளா?"

"வேற ஆளுதான். அவளைக் கதையிலருந்து எடுத்ததும் இவனும் மாறிட்டான்."

"ஆனா ஓடுறது நல்லாருக்கு!" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"நல்லாத்தான் இருக்கு. அதுக்குன்னு மாத்திரலாமா?" என்று சுமையா திரும்பிச் சிரித்தாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடத் தொடங்கியது. மணி அடித்தும் யாரும் எழவில்லை.

செண்பகவல்லி சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது.

ஞானசுந்தரியை வாசல்வரை கொண்டுவிட்டபோது கேட்டாள்.

"அம்மா, நாளைக்கு வேறொரு பிள்ளை வேறொண்ணு கேக்கும். எனக்குப் பதில் தெரியலன்னா?"

"தெரியலன்னு சொல்லு. படத்தைத் திரும்பப் போடு. நீயும் போய்ப் பெஞ்சுல உக்காரு."