பேராசிரியரின் ஆதாரம்

அமெரிக்காவில் ஒரு சட்டக் கல்லூரி. ஸ்பானிஷ் பேசும் மக்களின் உரிமைகளுக்காகவே அங்கே மாணவர்கள் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். அதற்கு ஒரு கட்டுரையை நீட்டினார் பேராசிரியர் விட்கோம்ப். "இந்த மக்களுக்குச் சட்டத்தை மதிக்கத் தெரியாது" என்று ஆரம்பித்து, கடைசிவரை அதே வசைதான்.

"ஒரு எழுத்தை மாத்தினாலும் பத்திரிகையை இழுத்து மூடிடுவேன்!"

"தொடவே மாட்டேன் சார்" என்றாள் பத்திரிகையின் மாணவ ஆசிரியர் யெசேனியா. சட்டப் பத்திரிகையில் ஒவ்வொரு கூற்றுக்கும் அடிக்குறிப்பில் ஆதாரம் போட்டாக வேண்டும். அது அவள் வேலை. "ஆதாரம் மட்டும் குடுங்க."

"நான் சொல்றேன் இல்ல? அதுதான் ஆதாரம்!"

இதழ் வெளியீட்டு விழா. விருந்தினராக வந்து முன்வரிசையில் இருந்த நீதிபதிகள் கட்டுரையைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேராசிரியர் ஒருவர் கையிலிருந்த இதழைப் பிடுங்கிப் பார்த்தார். கட்டுரையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் வரிக்கு வரி அடிக்குறிப்பு: "ஆதாரம்: பேராசிரியரே சொன்னார். வேறெதுவும் இல்லை."

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"உங்களைக் கேட்டுத்தான் சார்."

"உடனே எடு!"

"எதை சார்? ஆதாரம் இல்லாத வரியையெல்லாம் எடுத்தா, உங்க பேரு மட்டும்தான் மிஞ்சும்."