மேல்மாடிக்கு ஒரு வயர்

"வயரா, வைஃபையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க டீச்சர். எனக்குப் பொறுமை கிடையாது."

கேட்டவர் உலகநாதன். வயது ஐம்பத்தெட்டு. பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இப்போது வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்துகிறார்.

டீச்சர் பேச்சியம்மாளுக்கு முப்பத்துநாலு வயது. வீடுகளுக்கு இன்டர்நெட் லைன் இழுப்பவள். சனிக்கிழமைகளில் அந்த வேலையை விருப்பப்பட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். உலகநாதன் மூன்று வாரமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யாருடனும் பேசாமல், குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

பேச்சி என்று பேர்தான். பேசுவது குறைவு.

"என்ன நடந்துச்சு?" என்றாள்.

அவர் செல்போனை நீட்டினார்.

பாடத்தின் நடுவில் நெட் நின்றபோது எவனோ ஒரு பையன் பிடித்த படம். உலகநாதனின் முகம் வாய் திறந்தபடி, கண் பாதி செருகியபடி உறைந்திருந்தது. கீழே 'கரை ஒதுங்கிய மீன்' என்று எழுதியிருந்தது.

"ஊர் பூரா சுத்துது. என் முன்னால மூச்சு விடப் பயந்த பயலுவ. இப்ப சிரிக்கானுவ."

"நெட் ஏன் நிக்குது?"

"என் மகன்! சேந்தன்! மேல்மாடில உக்காந்துக்கிட்டு வீடியோ வெட்டுதானாம், ஒட்டுதானாம், ஏத்துதானாம். அம்புட்டு நெட்டையும் அவனே குடிச்சிடுதான். நல்ல பேங்க் வேலை. ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டு வந்தவன்."

"அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"நான் அவன்கூடப் பேசி எட்டு மாசம் ஆச்சு."

அவள் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"பாடம் எங்க உக்காந்து நடத்துவீங்க?"

"ஒரே மேஜை. ஒரே நாற்காலி."

"போனைக் கையில வச்சு நடமாடுறவங்களுக்குத்தான் வைஃபை. உங்களுக்கு வயர்."

"அப்படிச் சொல்லுங்க! வயரை எனக்குப் போட்டுட்டு வைஃபையை மொத்தமா அணைச்சிருங்க. அவன் தவிக்கட்டும்."

பேச்சியம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அவர் வீட்டில் ரூட்டர் மேலே, சேந்தனின் அறையில் இருந்தது. அங்கிருந்து கீழே உலகநாதனின் மேஜைவரை சுவருக்குள் ஒரு பழைய பைப் ஓடியது. ஒரு காலத்தில் டெலிபோன் வயர் போன வழி.

அவள் கீழ்முனையில் மண்டியிட்டு, பைப்புக்குள் வயரை இழுத்துக்கொண்டு போகும் இழுகம்பியை விட்டாள். பத்தடி போனது. பிறகு நின்றுவிட்டது.

"வளைவுல மாட்டுதா, அடைச்சிருக்கான்னு தெரியல. மேல ஒரு ஆள் வேணும். பைப் வாயில கையை விட்டுக் கம்பியைப் பிடிச்சு இழுக்கணும்."

"நீங்க போங்க."

"நான் இங்க தள்ளணும்."

"என் வீட்டுக்காரி ரேஷன் கடைக்குப் போயிருக்கா. வந்ததும் அவகிட்டச் சொல்லி அனுப்புதேன்."

"மேல ஆள் இல்லையா?"

"இருக்கான்."

"கூப்பிடுங்க."

"மாட்டேன்."

அவள் கம்பியை வெளியே இழுக்கத் தொடங்கினாள். நிதானமாக, சுருள் சுருளாகச் சுற்றினாள்.

"என்ன பண்ணுதீங்க?"

"அடுத்த வீடு இருக்கு சார்."

உலகநாதனுக்கு உச்சந்தலைவரை ஏறியது. மகன் மேல் கோபம். படம் பிடித்தவன் மேல் கோபம். தன் காலடியில் அலட்டிக்கொள்ளாமல் கம்பி சுற்றும் இந்தப் பெண் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். அவள் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கி மறுபடி பைப்புக்குள் முட்டும்வரை சொருகினார். குனிந்தார். அந்த ஓட்டையிலேயே வாயை வைத்துக் கத்தினார்.

"ஏலே!"

மூச்சை இழுத்து மறுபடி கத்தினார்.

"ஏலே சேந்தா! செவிடால நீ?"

சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன?"

"உன்னால என் மானம் போச்சுல! நீ நெட்டை உறிஞ்சுறதுல ஊரே என்னை மீன்னு சொல்லுது!"

"உங்க பாடம் ஆறு மணிக்கு! ஆறுலேருந்து ஏழு வரைக்கும் நான் என் கம்ப்யூட்டரையே தொடுறதில்ல! எட்டு மாசமா! ஒரு நாளாவது ஏறி வந்து பாத்தீங்களா?"

உலகநாதன் பேச்சியம்மாளைப் பார்த்தார். அவள் பைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லாதல! பிறகு ஏன் அறுந்து அறுந்து போகுது?"

"தளத்தையும் ரெண்டு சுவரையும் தாண்டி வைஃபை எப்படி வரும்? வயர் போடச் சொல்லி அம்மாகிட்ட நாலு தடவை சொல்லி விட்டேன்!"

"அவ சொல்லவே இல்ல!"

"சொன்னா! நீங்க டிவி சத்தத்தைக் கூட்டி வச்சீங்க! மாடி வரைக்கும் கேட்டுச்சு!"

உலகநாதனின் வாய் திறந்தபடியே நின்றது. கூட்டி வைத்ததுதான். நாலு தடவையும்.

"அதை நீ இறங்கி வந்து சொல்லுறதுக்கு என்ன கேடு?"

"என் மூஞ்சில முழிக்காதேன்னு சொன்னது யாரு? நீங்கதானே!"

"சொன்னா? அப்பன் சொன்னா அப்படியே விட்டுருவியா?"

மேலே எதுவோ நகர்ந்தது. நாற்காலியாக இருக்கலாம். பைப்புக்குள் கம்பி ஒருமுறை உதறியது. பிறகு யாரோ அதைப் பலமாக, கோபமாக, மேல்நோக்கி இழுக்கத் தொடங்கினார்கள்.

பேச்சியம்மாள் கம்பியின் வாலைப் பிடித்து நிறுத்தி, அதில் கேபிளை முடிந்துவிட்டாள்.

உலகநாதன் பைப்பிலிருந்து முகத்தை எடுத்தார். கண் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"நிறுத்தாதீங்க சார்," என்றாள் அவள். "அடைப்பு இல்லை."