இருளாயி கொளுத்திய விதைகள்

2009 டிசம்பர் 8, காலை பத்தரை மணி. நாற்பது மூட்டை யூரியாவைத் திருடியதாக இருளாயி மீது போலீஸ் புகார் எழுதி வைத்திருந்தார் மேனேஜர் வரதராஜன். காட்டாமணக்குத் தோட்டத்தில் உரம் வைக்கும் கூலிப் பெண் அவள். அதன் விதையிலிருந்துதான் கம்பெனி டீசல் தயாரித்தது. விதையில் எண்ணெய் ஏன் குறைந்தது என்று விசாரிக்க முதலாளியே வந்திருந்தார்.

"உரம் வச்சா எண்ணெய் கூடும். கூடலைன்னா நீ வைக்கலைன்னு அர்த்தம். வச்சேன்னு நிரூபி, இல்லைன்னா ஸ்டேஷனுக்கு நட" என்றார் மேனேஜர்.

வேலியோரம் தானாக முளைத்த செடியில் ஐந்து விதை, தோட்டத்துச் செடியில் ஐந்து விதை எடுத்து வந்தாள் இருளாயி. ஓட்டை உரித்து, தனித்தனி ஈர்க்கில் கோத்துப் பற்றவைத்தாள். தோட்டத்து விதைகள் சீக்கிரம் அணைந்தன. வேலியோரத்து விதைகள் நின்று எரிந்தன.

"எண்ணெய் கூட இருந்தாத்தான் நின்னு எரியும். வேலிச் செடிக்கு ஒரு பிடி உரம் வச்சதில்ல சார். நான் திருடியிருந்தா உங்களுக்கு எண்ணெய் கூடியில்ல இருக்கும்?"

முதலாளி சிரித்துவிட்டார். "என்னய்யா வரதராஜன், பதில் சொல்லு." மேனேஜர் புகாரைக் கிழித்தார்.

அப்புறம் முதலாளி ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்ற தோட்டத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப, முந்நூறு ஏக்கரும் வீண்தானாம்மா?"

இருளாயி பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"இலை நல்லா வந்திருக்கு சார்" என்றாள்.

எண்ணெய் தேறாது என்று 2010 ஜனவரி 11 அன்று தோட்டம் மூடப்பட்டது. இருளாயி உட்பட அறுபத்திரண்டு பெண்களுக்கு வேலை போனது.