பூவரசங்குளம் கல்லூரிக்கு முதல்வர் கிடைத்த கதை

பூவரசங்குளம், மேலத்தட்டை, உப்போடை என்று மூன்று ஊர். ஊருக்கொரு சமுதாயக் கல்லூரி. பன்னிரண்டாவது முடித்துவிட்டு மேலே படிக்க வழியில்லாத பிள்ளைகளுக்குத் தையல், சமையல், குழாய் வேலை, வயரிங் என்று ஒரு வருஷம் சொல்லிக்கொடுக்கும் இடம். மூன்றையும் நடத்தியது ஒரே கமிட்டி. தலைவர் தெய்வச்சிலை, செயலாளர் மிக்கேல், உறுப்பினர் நம்பிராசன். மூன்று பேருமே நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த வருஷம் மூன்று கல்லூரிக்கும் சேர்த்துப் பத்தொன்பது பிள்ளைகள்தான். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. புரட்டாசியில் ஆய்வுக்கு வருவோம், அதற்குள் நூறு பேர் சேராவிட்டால் மூன்றையும் மூடிவிடுவோம், நிர்வாகத்துக்கு உடனே ஒரு புதிய முகம் தேவை என்று எழுதியிருந்தது.

கமிட்டி கூடியது.

"நம்ம பூவரசங்குளம் முதல்வர் ஞானதிரவியம் சார் முகம் பழசுதான். இருபது வருஷமா அதே முகம்" என்றார் நம்பிராசன்.

"ஆளை மாத்தச் சொல்லியிருக்கா?" என்று கேட்டார் தெய்வச்சிலை.

மிக்கேல் கடிதத்தை இன்னொரு தரம் படித்தார். "இல்ல அண்ணாச்சி. முகத்தைத்தான்."

ஞானதிரவியம் சாருக்குக் காதுவரை மீசை. அன்று மாலையே சலூன்காரரைக் கூட்டி வந்து அதை எடுத்துவிட்டார்கள். சார் கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வாட்ச்மேன் அவரைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். "முதல்வரைப் பாக்கணும்னா பத்து மணிக்கு மேல வாங்க." சார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். பத்து மணிக்குப் போய்க் கேட்டதற்கு, "முதல்வர் இன்னும் வரலையே" என்று பதில் வந்தது. சார் பெஞ்சிலேயே ராஜினாமா எழுதி, முதல்வர் வந்தால் கொடுத்துவிடும்படி வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

விஷயத்தைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்தார்கள். காலியிடத்தைத் தாமதமின்றி நிரப்பவும் என்று பதில் வந்தது.

காலியிடம் கல்லூரிக்குப் பின்னால் இருந்தது. மறுநாள் மூன்று டிப்பர் சரளை வந்து இறங்கியது. பிள்ளைகள் குழாய் வேலை பழகுவதற்காகப் போட்டிருந்த பைப்பெல்லாம் அதற்கடியில் போயிற்று. நிரப்பியாயிற்று என்று போட்டோவோடு கடிதம் அனுப்பினார்கள்.

இந்த முறை பதில் சுருக்கமாக இருந்தது. உடனே ஒரு முதல்வரை நியமிக்கவும்.

"முதல்வர்னா சரியா என்ன அர்த்தம்?" என்றார் தெய்வச்சிலை.

மிக்கேல் யோசித்தார். "முதல்ல வர்றவர், முதல்வர். எழுதும்போது சுருக்கிட்டாங்க."

மூன்று பேரும் மறுநாள் காலை ஏழு மணிக்கே கல்லூரிக்குப் போனார்கள். கேட்டைத் திறந்துவிட்டது தையல் டீச்சர் செல்லக்கனி. பதினோரு வருஷமாக வாட்ச்மேனுக்கு முன்பே வந்து, மிஷினுக்கெல்லாம் எண்ணெய் போட்டு வைக்கிறவர். அந்தப் பத்தொன்பது பிள்ளைகளில் பாதிப்பேர் நிற்காமல் வந்துகொண்டிருந்ததே அவருக்காகத்தான்.

"என்ன சார், இவ்வளவு சீக்கிரம்?"

"முதல்ல யார் வர்றாங்கன்னு பாக்க வந்தோம் டீச்சர்."

"தினமும் நான்தான் வர்றேன்."

"நீங்க வர்றதை நாங்க பாக்கலையே. நீங்க உள்ளேல்ல இருக்கீங்க" என்றார் தெய்வச்சிலை வருத்தத்தோடு. செல்லக்கனி மிஷினுக்கு எண்ணெய் போடப் போய்விட்டார்.

ஏழேகாலுக்கு இசக்கியப்பன் வந்தார். சமையல் வகுப்புக்குக் கேஸ் சிலிண்டர் போட வந்தவர். தோளில் சிலிண்டரோடு நின்றவருக்கு மாலை போட்டார்கள்.

"சார், சிலிண்டருக்கு ஒரு கையெழுத்து."

"இனிமே கையெழுத்தெல்லாம் நீங்கதான் போடணும்" என்றார் மிக்கேல்.

இசக்கியப்பன் எட்டாவதோடு நின்றவர். சிலிண்டர் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டதே என்று அந்த மாதம் முழுக்கக் கவலையில் இருந்தார். முதல்வர் நாற்காலியில் ஒரு தரம் உட்கார்ந்து பார்த்தார். முதுகுக்கு இதமாக இருந்தது. சரி என்றார்.

கமிட்டி போனதும் தையல் அறை வாசலில் போய் நின்றார். "டீச்சர், நான் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க."

செல்லக்கனி அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த வருஷம் அந்தக் கல்லூரியில் யாராவது அவரிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தரம். "பிள்ளைங்க வேணும். புரட்டாசிக்குள்ள இன்னும் எண்பத்தோரு பேரு. இல்லன்னா மூடிருவாங்க."

"அவ்வளவுதானா" என்றார் இசக்கியப்பன்.

மூன்று ஊரிலும் அவர் ஏறாத படி கிடையாது. எந்த வீட்டில் பெண் பன்னிரண்டாவது முடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், எந்த வீட்டில் பையன் பதினோரு மணிக்கு எழுந்திருக்கிறான், எல்லாம் அடுப்படி வரை போனவருக்குத் தெரியும். கதவைத் தட்டினார். "அக்கா, இன்னிக்கு சிலிண்டர் இல்ல. உங்க பிள்ளையை அனுப்புங்க" என்றார். யார் வந்து சேர்ந்தாலும் செல்லக்கனி டீச்சர் பார்த்துக்கொண்டார். புரட்டாசி பிறந்தபோது நூற்று நான்கு பேர் இருந்தார்கள்.

ஆய்வுக்கு வந்த அம்மா வகுப்பு வகுப்பாகப் போய்த் தலையை எண்ணினார். இரண்டாம் தரமும் எண்ணினார். முதல்வர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்க வந்தவர், கேட்காமலே விட்டுவிட்டார். கிளம்பும்போது தெய்வச்சிலையிடம் சொன்னார்: "மூணு கல்லூரிக்கும் இவரே முதல்வரா இருக்கட்டும். ஆனா ஒண்ணு. மூணு ஊருக்கும் நடுவுல நிக்கணும். எந்தப் பக்கமும் சாயக்கூடாது."

மிக்கேல் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மறுநாள் மூன்று ஊர் இருந்த வரைபடத்தை மேசையில் விரித்து, நூல் பிடித்து அளந்தார்கள். மூன்றுக்கும் நடு, பெரிய கண்மாயின் மத்தியில் விழுந்தது.

"தண்ணியா இருக்கே" என்றார் நம்பிராசன்.

"நடுன்னு சொல்லியாச்சு. நாம என்ன செய்ய முடியும்" என்றார் தெய்வச்சிலை.

எட்டு பிளாஸ்டிக் டிரம்மைக் கட்டி, மேலே பலகை அடித்து, நாற்காலியும் மேசையும் போட்டு, கல்லைக் கட்டி நங்கூரம் இறக்கினார்கள். எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கிறதா என்று நம்பிராசன் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். இசக்கியப்பனைப் பரிசலில் கூட்டிப் போனார்கள்.

"எனக்கு நீச்சல் தெரியாதே அண்ணாச்சி."

"அதான் நல்லது. தெரிஞ்சா ஏதாவது ஒரு பக்கமா போயிருவீங்க."

அதிலிருந்து கையெழுத்து வாங்க வேண்டிய தாளெல்லாம் பரிசலில் போய் வந்தது. செல்லக்கனி டீச்சர் வாரம் ஒருமுறை கரையில் நின்று, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று உரக்கச் சொல்வார். இசக்கியப்பன் கையை ஆட்டுவார். கல்லூரி நன்றாகவே நடந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பதினைந்து நாள் விடவில்லை. கண்மாய் நிரம்பிக் கரை உச்சியைத் தொட்டது. கமிட்டி மூன்று குடையோடு கரையில் நின்று, நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதல்வரை வெகுநேரம் பார்த்தது. அங்கேயே கூட்டம் போட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது:

"பதவியேற்ற நான்கே மாதத்தில் நமது முதல்வர் ஒன்பது அடி உயர்ந்திருக்கிறார். இதற்கு முன்பிருந்தவர் இருபது வருஷமாக அதே உயரத்தில்தான் இருந்தார் என்பதைக் கமிட்டி வருத்தத்துடன் பதிவு செய்கிறது."